பெங்களூரு அல்சூர் பக்கம், பிள்ளைகள் பொருள் கேட்டு வாங்கிப் பழக 3 கடைகள் வேண்டும், சனிக்கிழமை காலை 10 நிமிடம்

வணக்கம். சிறப்புக் கல்விப் பிள்ளைகள் 4 பேர், வகுப்பில் வைத்த விளையாட்டுக் கடையில் காசு கொடுத்துப் பொருள் கேட்கப் பழகிவிட்டார்கள். நிஜக் கடையில் பேசாமல் நிற்கிறார்கள். பழகியது ஒரே டீச்சரிடம், ஒரே 10 ரூபாய் நாணயத்தோடு, "என்ன வேணும்?" என்ற ஒரே கேள்விக்கு. அதையே கன்னடத்தில் "ஏனு பேக்கு?" என்றால் அவர்களுக்கு அது புதுக் கேள்வி. அதனால்தான் வேறு வேறு கடை, வேறு வேறு குரல் தேவை.

கடைக்கார அண்ணன்மாரே, அக்காமாரே: டீச்சரைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துக் கேளுங்கள். 5 விநாடி பொறுங்கள். பதில் வராவிட்டால் பிள்ளையின் கையிலுள்ள பட அட்டையைத் தொட்டுக் காட்டுங்கள். பதிலை வாயால் எடுத்துக் கொடுத்தால் அடுத்த முறையும் அதற்கே காத்திருப்பார்கள். கேட்டதும் பொருளை உடனே கொடுத்துவிடுங்கள், மிட்டாய் வேண்டாம், கேட்டது கிடைப்பதே பரிசு. பழகியபின் 2 வாரத்திலும் ஒரு மாதத்திலும் மறுபடி வந்து, மறக்கவில்லையா என்று பார்ப்போம்.

கன்னடம் பேசும் கடை ஒன்றாவது அவசியம். முடிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.