ஹாலிபர்ட்டன் விழாமல் இருந்திருந்தால் பேசர்ஸ் ஜெயித்திருக்குமா?

ஈசூன்காரன்:

மக்களே, பழைய புண்தான், ஆனால் நேற்று மச்சான் வீட்டுக்குச் சாப்பிடப் போன இடத்தில் மறுபடியும் கிளறிவிட்டார்கள். 2025 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) இறுதிச் சுற்று, இண்டியானா பேசர்ஸும் ஓக்லஹோமா சிட்டி தண்டரும் மோதிய ஏழாவது ஆட்டம். நம் சிங்கப்பூருக்குத் திங்கட்கிழமை காலை 8 மணி, வேலைக்குப் போகிற நேரம். ரயில் கதவோரம் நசுங்கிக்கொண்டு போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசர்ஸின் நட்சத்திரம் ஹாலிபர்ட்டன் தூரத்திலிருந்து போடும் மூன்று-புள்ளி ஷாட் மூன்று போட்டுவிட்டார், இன்றைக்கு நம்ம ஆள்தான் என்று மனசுக்குள் குதிக்கிறேன், அடுத்த சில நிமிடத்தில் குதிகால் நரம்பு அறுந்து தரையில் கிடந்து கையால் ஓங்கி ஓங்கி அடிக்கிறார். அதுவரை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சீன அங்கிள் "அலாமா" என்றார். அவ்வளவுதான், இறங்க வேண்டிய ஸ்டேஷனைக்கூட விட்டுவிட்டேன்.

மச்சான் சொல்வது, தண்டருக்கு அது ஓசியில் வந்த கோப்பையாம். அவர் நின்று ஆடியிருந்தால் இண்டியானாதான் சாம்பியனாம். நான் பேசர்ஸ் ரசிகன், எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஆனால் தண்டர் ஜெயித்த 103–91 என்ற ஸ்கோரைப் பார்த்தால் வாய் வரவில்லை. ஆட்டத்தை முழுக்கப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

செங்காங் பாயிண்ட் கார்டு:

தம்பி, மச்சான் சொல்வதில் பாதி சரி, ஆனால் அவர் சொல்கிற காரணத்துக்காக இல்லை. ஹாலிபர்ட்டனின் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தால் இது புரியாது. தண்டர் பிழைப்பே பந்தைப் பறிப்பதுதான். டோர்ட், கரூசோ, கேசன் வாலஸ் என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் பந்து வைத்திருப்பவனின் சட்டைக்குள்ளேயே குடியிருப்பார்கள், இன்னொருத்தர் பாஸ் போகிற வழியில் ஏற்கெனவே கை நீட்டி நிற்பார். பறித்த பந்து ஓடிப்போய் லேஅப் (வளையத்துக்குப் பக்கத்தில் போடும் சுலப ஷாட்) ஆகிவிடும். நம் வட்டாரக் கோர்ட்டில் இருபது வயசுப் பையன்கள் இப்படி நெருக்கினாலே எனக்கு மூச்சு முட்டும், பந்தை யாரிடமாவது தள்ளிவிட்டால் போதும் என்று ஆகிவிடும். ஹாலிபர்ட்டன் அப்படித் தள்ளிவிடுகிற ஆள் இல்லை. நெருக்குகிறவன் பக்கத்தில் வருவதற்கு முன்பே பந்து எதிர்மூலைக்குப் போயிருக்கும். அந்த எதிராளிக்கு அவர்தான் மருந்து.

இப்போது ஏழாவது ஆட்டத்துக்கு வாருங்கள். அவர் போன பிறகும் பாதி நேரத்தில் 48–47, முன்னால் இருந்தது பேசர்ஸ். இதை மச்சானிடம் முதலில் சொல்லுங்கள். அணி அப்போதே விழுந்துவிடவில்லை. விழுந்தது மூன்றாவது குவார்ட்டரில் (ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது), தண்டர் 34, பேசர்ஸ் 20. பேசர்ஸின் மெக்கானல் ஒற்றை ஆளாக அந்தக் குவார்ட்டரில் 12 புள்ளி எடுத்தார், கண் கொட்டாமல் பார்த்தேன், ஆனால் அவர் தானே உள்ளே புகுந்து போடத்தான் முடிந்தது, மற்றவர்கள் கையில் பந்து போனபோதெல்லாம் திருட்டுப் போனது. ஹாலிபர்ட்டன் இருந்திருந்தால் அந்த 34 வந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன். ஜெயித்திருக்குமா? அதைச் சொல்ல நான் கிளி ஜோசியக்காரன் இல்லை.

தேக்கா நைட் ஷிஃப்ட்:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. காயத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பதென்றால் பேசர்ஸும் பதில் சொல்ல வேண்டும். பிளேஆஃப் என்கிற நாக்-அவுட் தொடரின் முதல் சுற்றில் மில்வாக்கியின் லில்லார்ட் குதிகால் நரம்பு அறுந்து விழுந்தது யாரோடு ஆடும்போது? இண்டியானாவோடு. அடுத்து 64 வெற்றி எடுத்த கிளீவ்லாந்து, இண்டியானாவோடு இரண்டாவது ஆட்டத்தில் முக்கிய ஆட்டக்காரர்கள் கார்லண்டும் மோப்லியும் இல்லாமல் ஆடியது. அப்படியும் கடைசி நிமிடத்தில் 7 புள்ளி முன்னால் இருந்து, ஹாலிபர்ட்டனின் ஒரு ஷாட்டில் 120–119 என்று தோற்றது. நியூயார்க்கில் முதல் ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா, மூன்று நிமிடம்கூட மிச்சம் இல்லை, பேசர்ஸ் 14 புள்ளி பின்னால், அப்புறம் அவர்களின் நெஸ்மித் மழையாகப் பொழிந்தார், கடைசியில் ஹாலிபர்ட்டன் போட்ட ஒரு பந்து வளையத்தின் பின்பக்கம் பட்டு வானத்துக்குப் போய்த் திரும்பி உள்ளே இறங்கியது. அதையெல்லாம் திறமை என்று கொண்டாடிவிட்டு, தண்டர் ஜெயித்தால் மட்டும் அதிர்ஷ்டமா?

தண்டர் அந்த சீசனில் 68 வெற்றி. அவர்களுக்கு நிஜமான கண்டம் இறுதிச் சுற்றில் இல்லை, அதற்கு முன்னால் டென்வர் அணியோடு ஆடிய சுற்றில் இருந்தது. டென்வரின் யோகிச் மாதிரி ஒரு மலையைக் காக்க, ஏழாவது ஆட்டத்தில் அவரைவிட அரையடி குட்டையான கரூசோவை நிறுத்தினார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, சாப்பிடாமல்கூட அதைப் பார்த்தேன். முதுகில் முட்டி, இடுப்பில் முட்டி, பந்து வருவதற்கு முன்பே முன்னால் புகுந்து, மனுஷனுக்குப் பந்தே போகவிடாமல் செய்தார். முடிவு தண்டருக்கு 125–93. அந்தச் சுற்றைத் தாண்டியவர்களைப் பார்த்து ஓசி என்று சொல்ல மனசு வரக் கூடாது. மின்னசோட்டாவிடம் ஒரு ஆட்டத்தில் 42 புள்ளியில் உதை வாங்கினார்கள், அதையும் மறைக்கவில்லை, அப்படியும் அந்தத் தொடர் 4–1.

பொங்கோல் பெஞ்ச்:

சண்டைக்கு நடுவில் ஒரு துணுக்கு. அந்த பிளேஆஃபில் குதிகால் நரம்பு அறுந்தவர்கள் லில்லார்ட், பாஸ்டனின் டேட்டம், ஹாலிபர்ட்டன். மூன்று பேர் சட்டையிலும் எண் 0. என் பையன் பள்ளி அணிக்கு அந்த எண்தான் வேண்டும் என்று அடம்பிடித்தான், அவன் அம்மா இதைப் படித்துவிட்டு 11 என்று மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டாள்.

எனக்குக் கேட்டால் மூன்று அணியும் பாவம்தான். ஆனால் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 0.3 வினாடி மிச்சம் இருக்கும்போது பேசர்ஸ் 111–110 என்று முன்னால் போனதே, அந்த ஆட்டம் முழுக்க அவர்கள் முன்னிலையில் இருந்தது அந்த 0.3 வினாடிதான். அன்றைக்கு தண்டர் ரசிகர்களிடம் யாரும் போய் ஆறுதல் சொல்லவில்லையே.

ஈசூன்காரன்:

சரி, அந்த 48–47 எனக்கே மறந்துபோயிருந்தது, நன்றி அண்ணே. லில்லார்ட் விஷயத்தைச் சொன்னதும் மச்சான் ஐந்து நிமிடம் பதில் போடவில்லை, பிறகு "அது வேற, இது வேற" என்று குரல் பதிவு அனுப்பியிருக்கிறார், பின்னால் அக்கா சிரிப்பது கேட்கிறது. செங்காங் அண்ணே, சனிக்கிழமை உங்கள் கோர்ட்டில் ஆள் குறைந்தால் சொல்லுங்கள், மச்சானையும் இழுத்து வருகிறேன். ஷாட் நன்றாகப் போடுவார், திரும்பி ஓடித் தடுக்க மட்டும் வர மாட்டார்.