புயல் நேரத்து உதவி: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

அரியாலைப் பெடியன்

2024 கார்த்திகை, யாழ்ப்பாணத்து வெள்ளம். எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால் விளக்கம் வேண்டாம். ஃபெங்கல் என்று பிறகு பெயர் வாங்கிய தாழமுக்கம் அப்போது கிழக்குக் கடலில்தான் நின்றது. நாங்கள் சில பேர் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் உலர் உணவுப் பொதிகள் ஏற்றிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனோம். அரிசி, பருப்பு, சோயாமீற், சீனி, தேயிலை. வழக்கமான பொதிதான்.

ஒரு தகரக் கொட்டில். அக்கா ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று பொதியை வாங்கினார். வாயைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வாங்கின கையோடு திருப்பி நீட்டினார். "அரிசி கிடக்குது தம்பி. அடுப்பு மூட்டத்தான் வழியில்லை. பாண் இருந்தா தாங்கோ." உள்ளே எட்டிப் பார்த்தேன். மூன்று கல் அடுப்பு தண்ணீருக்குள். அடுப்பெரிக்க ஊமல் கட்டி வைத்த உரப்பை மூலையில் மிதந்தது.

எங்களிடம் பாண் இல்லை. எங்கள் மத்தியானத்துக்கென்று வைத்திருந்த மாலுபணிஸ் பையைக் கொடுத்தோம். அவர் அதைப் பிய்த்துப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வேகம் இருக்கிறதே, அது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த ஒழுங்கையில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது என்று பொதி கட்டும்போது எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

கொக்குவில்காரி

தம்பி சொன்னது சரி. அதனால்தான் நாங்கள் அந்த முறை சமைத்தே கொடுத்தோம். கோயில் மடத்தில் பெரிய கிடாரம் வைத்து சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும். தேங்காய்ப்பால் விட்டால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும் என்று பால் விடாமல் வைத்தோம். இது சும்மா ஒரு தகவல்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு பள்ளிக்கூடத்தில் பார்சல் கொடுத்துக்கொண்டு போகிறேன். வயதுபோன அம்மா ஒருவர், நல்ல மரியாதையான ஆள். பார்சலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஆர் பிள்ளை சமைச்சது?" உறைப்பு ஒத்துக்கொள்ளாது போல என்று நினைத்து, "தூள் குறைவாத்தான் போட்டனாங்கள் அம்மா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "அதில்லைப் பிள்ளை, ஆர் ஆக்கள்?" என்றார்.

வெளியே இடுப்பளவு தண்ணீர். வீட்டில் கட்டிலும் மிதக்கிறது என்று அவரே அழுதவர். நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பார்சல் பிரிக்காமல் அப்படியே அவர் பக்கத்தில் இருந்தது.

நல்லூர் வடக்கு

2008 நிஷா புயலை ஒருவரும் சொல்லவில்லையே? யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியான ஏ9 பாதை பூட்டி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாமான் கப்பலில்தான் வரவேண்டும். விலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். புயல் கரை கடந்தது காரைக்கால் பக்கம். மழை கொட்டியது இங்கே.

எனக்கு மறக்காதது எங்கள் சித்தப்பா வீட்டுக் கிணறு. கோடையில் தண்ணீர் ஆழத்தில் கறுப்பாகத் தெரியும் கிணறு. அன்று கயிறும் இல்லை, கப்பியும் இல்லை, கிணற்றுக்கட்டோடு நின்று குனிந்து கையால் அள்ளலாம். முற்றத்துத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒரே மட்டம். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய புதினம், வாளியால் அள்ளி விளையாடினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கக்கூஸ் குழியும் அதே மட்டத்தில்தான் நின்றது. பக்கத்து வீட்டு அண்ணை அந்த நேரம் ஒரு செம்பில் அள்ளிக் குடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

முதலில் கொக்குவில் தங்கச்சிக்கு. அந்த அம்மா எந்த நோக்கத்தில் கேட்டாரோ, உங்களுக்கு எப்படித் தெரியும்? "ஆர் ஆக்கள்" என்றால் எந்த ஊர், எந்தக் கோயில் ஆட்கள் என்றும் இருக்கலாம். வயதுபோனவர்களை இப்படிப் பொதுவில் எழுதுவது அழகில்லை.

அடுத்து நல்லூர் வடக்கு எழுதிய கிணற்று விஷயம். இதை யாராவது விளக்கமாகச் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக் கல். ஓட்டையும் வெடிப்பும் நிறைந்தது. மேலே விழுவது வடிகட்டப்படாமல் நேரே கீழே இறங்கும், பக்கத்து வளவுக்கும் போகும். ஆகவே உங்கள் கிணறு தெளிவாகத் தெரிகிறது என்பதில் ஒரு அர்த்தமும் இல்லை. வெள்ளம் வடியும் வரை கொதித்தாறிய தண்ணீர் அல்லது பவுசர் தண்ணீர்.

வெள்ளம் நிற்கும்போதே மோட்டர் போட்டுக் கிணற்றை இறைக்க வேண்டாம். ஒன்று, இறைத்த வேகத்தில் அதே அழுக்குத் தண்ணீர் திரும்ப ஊறும். இரண்டு, சுற்று மண் ஊறிக் கிடக்கும்போது உள்ளே தண்ணீரை வெறுமையாக்கினால் கட்டு இடிந்து விழும். மூன்று, கரையோரக் கிணறு என்றால் ஓட்ட இறைக்க இறைக்க அடியிலிருந்து உவர் ஏறும். நான்கு, நனைந்த மோட்டரில் கை வைப்பதே ஆபத்து. வடிந்த பிறகு பிஎச்ஐயை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கூப்பிடுங்கள். எவ்வளவு குளோரின் என்பதை அவர் கிணற்று அளவைப் பார்த்துச் சொல்வார், கண் மட்டத்தில் கொட்டும் வேலை வேண்டாம். போட்ட பிறகு ஒரு நாளாவது அள்ளக்கூடாது. மணம் குறையும் வரை இறைத்து ஊற்றிவிட்டுத்தான் பாவனைக்கு.

இன்னுமொன்று. 2024 வெள்ளத்துக்குப் பிறகு பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் காய்ச்சலில் ஆட்கள் இறந்தது ஞாபகம் இருக்கும். முதலில் மர்மக் காய்ச்சல் என்றார்கள், பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று வந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்னக் கீறலாலேயே உள்ளே போகும். நிவாரணம் கொடுக்கப் போகும் பெடியள் வெறுங்காலோடு இறங்குவதைப் படத்தில் பார்க்கும்போது எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. பூட்ஸ் போடுங்கள். தடுப்புக் குளிசை தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். வெள்ளத்தில் இறங்கிய பிறகு காய்ச்சல் வந்தால் பனடோலோடு வீட்டில் கிடக்காதீர்கள், ஆஸ்பத்திரியில் வெள்ளத்தில் இறங்கினதைச் சொல்லுங்கள்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் ஒரே பொலித்தீன் பையில், தூக்கி ஓடக்கூடிய இடத்தில். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

என் சொந்த அனுபவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் வளவில் முருங்கைதான் விழுந்தது.

அராலிக்காரன்

ஐயா, முருங்கை காற்றில்லாமலும் முறியும். :)

கிணற்றைச் சொன்னீர்கள், அந்தத் தண்ணீர் போகும் வழியைச் சொல்லவில்லை. வழுக்கையாறு ஒன்றுதான் எங்களுக்கு ஆறு என்று சொல்ல இருப்பது, அதுவும் மாரியில் மட்டும். தெல்லிப்பழைப் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் சண்டிலிப்பாய் தாண்டி எங்கள் தலையில்தான் இறங்கும். வாய்க்காலுக்குள் மதில் கட்டியவர், குளத்துக்குள் மண் போட்டு நிரப்பியவர், மதகுக்குள் குப்பை கொட்டியவர் எல்லாரும் வெள்ளம் வந்த பிறகு நிவாரணப் பொதியோடு வருகிறார்கள். போன மாரியில் பொதி தந்த ஒருவரின் மதில்தான் எங்கள் ஒழுங்கைத் தண்ணீரை மறித்துக்கொண்டு நின்றது. பொதியை வாங்கினேன். அரிசி நல்ல அரிசி.

வடமராட்சியான்

2020 புரெவி. மார்கழி 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரை கடக்கும் என்று சொல்லிவிட்டார்கள். கொரோனா காலம் வேறு, பள்ளிக்கூடத்தில் ஆட்களைத் தள்ளித் தள்ளி இருத்த வேண்டும், மாஸ்க் போடவைக்க வேண்டும். விதானையாரோடு (கிராம சேவகர்) நாங்கள் கரையோர வீடுகளுக்குப் போய் எழும்புங்கோ எழும்புங்கோ என்று கெஞ்சிக்கொண்டு திரிந்தோம்.

ஒரு வீட்டில் அறைக்குள் விளக்கு எரிந்தது. கட்டிலில் ஆரோ போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார், வருத்தக்காரர் போல என்று நினைத்து, தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டுமா என்று கேட்டேன். அண்ணை போர்வையை விலக்கிக் காட்டினார். படகு எஞ்சின். தலைமாட்டுக்குத் தலையணை கொடுத்து, ஆடாமல் இரண்டு பக்கமும் சீலை சுருட்டி அணைவு கொடுத்திருந்தார்கள். மனுசியும் பிள்ளைகளும் கதிரையில் இருந்தார்கள்.

"படகு உடைஞ்சா ஃபைபர் ஒட்டலாம் தம்பி. இதுக்கு இன்னும் கடன் கட்டி முடியேல்லை. பள்ளிக்கூடத்துக்கு இதையும் கொண்டு வர விடுவினமோ?"

விடமாட்டார்கள் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதைச் சொன்னேன். அப்ப நான் வரேல்லை, இவையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ என்றார். மனுசி அவரை விட்டுவிட்டு வர மறுத்துவிட்டார். ஆக ஒருவரும் வரவில்லை. காற்று அந்தப் பக்கம் கொஞ்சம் தணிவாகப் போனது அவர்கள் அதிர்ஷ்டம். முகாம் ஒழுங்கு செய்பவர்கள் எஞ்சினுக்கும் வலைக்கும் பூட்டக்கூடிய ஒரு அறை ஒதுக்கினால், பாதி ஆட்கள் கெஞ்சாமலே வருவார்கள். இதை நான் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது.

திருநெல்வேலிச் சந்தி

டிட்வா புயல். 2025 கார்த்திகை 28. இலங்கை முழுக்க 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள், அதில் பெரும்பங்கு மலையகப் பக்கத்து மண்சரிவு. பாதை திறந்த பிறகு நாங்கள் லொறி கட்டிக்கொண்டு பதுளைப் பக்கம் போனோம். 2009இல் போர் முடிந்த நேரம் எங்களுக்கு அங்கேயிருந்தும் ஆட்கள் சாமான் அனுப்பினார்கள் என்று அம்மா சொல்லுவா, அந்தக் கணக்கும் மனதில் இருந்தது.

தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து ஆட்களை எழுப்பிக் கொண்டுவந்து ஒரு மண்டபத்தில் இருத்தியிருந்தார்கள். பின்னேரம் ஆக ஆகக் குளிர் எலும்புக்குள் போனது. நாங்கள் கொண்டுபோனது யாழ்ப்பாணத்து வெயிலுக்கு வாங்கின மெல்லிய பெட்சீற். ஒரு பெரியவர் ஒன்றை வாங்கி, விரலால் தடவி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மற்றப் பக்கத்தில் நின்ற என் முகம் அவருக்குத் தெரிந்திருக்கும், துணி அவ்வளவு மெல்லியது. "நல்ல துணிங்க தம்பி. வேட்டியாக் கட்டிக்கலாம்" என்றார். பகிடியா, ஆறுதலா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சிரிக்கவும் முடியவில்லை.

இனிப் போகிறவர்கள் கம்பளி, சுவெட்டர், சொக்ஸ் சேர்த்துக்கொண்டு போங்கள். யாழ்ப்பாணத்தில் சேராது, வழியில் வாங்கத்தான் வேண்டும்.

கொக்குவில்காரி

வாத்தியார் ஐயாவுக்கு: நான் இந்த ஊரில்தான் பிறந்து வளர்ந்தேன். "ஆர் ஆக்கள்" என்றால் என்ன என்று எனக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. அவரின் பெயரும் ஊரும் நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். கிணற்றுக் குறிப்பு நல்லது, எங்கள் குழுவில் போட்டிருக்கிறேன்.

தீவான்

சமைத்ததா, உலர் உணவா என்று நீங்கள் அடிபடுகிறீர்கள். நெடுந்தீவுக்கு இரண்டும் ஒன்றுதான், படகு ஓடினால் மட்டும்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றிருக்கிறேன், பார்சல் பெட்டிகளோடு. டவுனில் காலையில் சமைத்தது. காற்றுக் கூடிவிட்டது என்று படகை நிறுத்தினார்கள், அது சரியான முடிவுதான், அந்தக் கடலில் நானும் ஏறமாட்டேன். கொண்டுவந்த பெடியள் பொழுதுபடும் வரை பார்த்தார்கள், பிறகு பெட்டியைத் திறந்தால் மணக்கத் தொடங்கிவிட்டது. பஸ் கொண்டக்டரும் இறங்குதுறை நாய்களும் பங்கு போட்டதுதான் மிச்சம். அந்த நேரம் பக்கத்தில் ஒரு நெடுந்தீவு ஆச்சி, கிளினிக்குக்கு வந்து திரும்ப முடியாமல் நின்றவ. பெட்டியைப் பார்த்துச் சொன்னா: "எங்கட கடையில மா கிடக்குது, சீனி கிடக்குது. காசுதான் ஒருத்தரிட்டயும் இல்லை. தொழிலுக்குப் போய்க் கிழமைக் கணக்காச்சு."

இதற்குப் பிறகு நாங்கள் ஐப்பசியிலேயே தீவுக் கடைகளில் கொஞ்சக் காசு கட்டி வைக்கிறோம். கடல் மறித்தால் கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பார், கணக்கைப் பிறகு பார்ப்போம். ஒரு கடைக்காரர் மட்டும் சாராயத்தையும் நிவாரணக் கணக்கில் எழுதியிருந்தார். அவரை மாற்றிவிட்டோம்.