பல் கட்ட வெளிநாடு போய் வந்தவர்கள் அனுபவத்தை எழுதுங்கள், என்னுடையது இதோ

கீழ் வலது பக்கம் இரண்டு கடைவாய்ப் பல் இல்லாமலே மூன்று வருஷம் ஓட்டினேன். எல்லாவற்றையும் இடது பக்கமே மென்று மென்று, அந்தப் பக்கத் தாடை ராத்திரியில் வலிக்க ஆரம்பித்த பிறகுதான், எலும்புக்குள் திருகாணி வைத்து அதன் மேல் பல் மாட்டும் இம்ப்ளான்ட் வைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன். நான் இருக்கும் நாட்டில் கேட்ட தொகை என் கைக்கு எட்டவில்லை. நாலு பேரிடம் விசாரித்து, வெளிநாட்டில் ஒரு கிளினிக்கைப் பிடித்து, 9 நாள் லீவு போட்டுக் கிளம்பினேன். வரும்போது பல்லோடு வருவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

முதல் நாளே அந்த நினைப்பு போய்விட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டர் ஒரு காகிதத்தில் தாடை எலும்பை வரைந்தார். அதற்குள் ஒரு திருகாணியை வரைந்து, சுற்றிலும் புள்ளி புள்ளியாக வைத்தார். "இந்த எலும்பு வளர்ந்து திருகாணியைக் கவ்விப் பிடிக்க 3 மாசமாவது ஆகும். அதுவரை மேலே பல் வைக்க மாட்டேன்" என்றார். எலும்பு கெட்டியாக இருந்து, திருகாணி வைத்தவுடனேயே இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால், சிலருக்கு அன்றைக்கே தற்காலிகப் பல் வைப்பதும் உண்டு. எனக்கு அந்த அளவுக்கு எலும்பு இல்லை.

பிறகு உட்கார்ந்து படித்தேன். டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனெமார்க் என்ற மருத்துவர் 1950களில் தற்செயலாகத்தான் கண்டுகொண்டார். முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியை ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் வைத்தார். அந்த மனிதர் 2006-ல் இறக்கும்வரை, 40 வருஷத்துக்கு மேல், அது அவர் வாயில் இருந்தது. அதைப் படித்த பிறகு நாலு மாசம் காத்திருப்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வைக்கும்போது வலியே இல்லை. அதிர்வு மட்டும் காது வரைக்கும் வந்தது. வீக்கம் மூன்றாம் நாள் வடிந்துவிட்டது.

நாலு மாசம் கழித்து இரண்டாவது பயணம். ஈறுக்கு மேலே பொத்தான் மாதிரித் தெரிந்த ஹீலிங் கேப்பைக் கழற்றி, அளவெடுத்து, 5 நாளில் பல் வந்துவிட்டது. தப்பு நடந்தது கடைசி நாளில். அன்று காலை மேல் பல்லில் ஒரு சொத்தையை அடைப்பதற்காக மரப்பு ஊசி போட்டிருந்தார்கள். மரப்பு இறங்குவதற்குள் புதுப் பல்லை மாட்டி, நடுவில், முட்டும் இடத்தில் சாயம் படியும் நீலக் காகிதத்தை வைத்து, "கடிங்க, இன்னொரு தடவை கடிங்க, அப்படியே பக்கவாட்டுல தேய்ங்க" என்றார்கள். வலது பக்கம் எனக்கு உணர்ச்சியே இல்லை. எங்கே முட்டுகிறது என்று தெரியாமலே "சரியா இருக்கு" என்று தலையாட்டிவிட்டேன். சாயங்காலம் விமானம்.

மறுநாள் வீட்டில் வாயை மூடினால் அந்தப் பல்தான் முதலில் முட்டுகிறது. ஒரு முடி கனம்தான் இருக்கும், ஆனால் பல்லுக்கு முடி கனமே அதிகம். போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். மூன்றே வாரத்தில் பல் ஆட ஆரம்பித்தது.

அடித்துப் பிடித்துக்கொண்டு இங்கே ஒரு டாக்டரிடம் ஓடினேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "இம்ப்ளான்ட் நல்லாத்தான் இருக்கு, அதோட பல்லைப் பிடிச்சிருக்கிற உள் ஸ்க்ரூதான் தளர்ந்திருக்கு" என்றார். போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த கேள்வி: "எந்தக் கம்பெனி இம்ப்ளான்ட்?" எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்தது பணம் கட்டிய ரசீது ஒன்றுதான். அதில் 'இம்ப்ளான்ட் 2' என்று மட்டும் போட்டிருந்தது.

கம்பெனி தெரியாமல் கை வைக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு கம்பெனி ஸ்க்ரூவின் தலையும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று அறுகோணம், ஒன்று சதுரம், ஒன்று நட்சத்திரம். பொருந்தாத திருப்புளியைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும், பிறகு ஸ்க்ரூவை வெளியே எடுப்பதே பெரும்பாடு. எவ்வளவு இறுக்குவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பல கம்பெனிகள் 30, 35 நியூட்டன் சென்டிமீட்டர் என்று சொல்கின்றன, எல்லாவற்றுக்கும் அதுவே என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு டாக்டர்கள் தொட மறுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அந்தக் கிளினிக்குக்கு மெயில் மேல் மெயில், நேர வித்தியாசத்தில் நடுராத்திரி ஃபோன். 11-வது நாள் அங்கிருந்த நர்ஸ் ஒருவர் என் ஃபைலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினார். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். கம்பெனி பெயர், மாடல், விட்டம், நீளம், லாட் நம்பர் எல்லாம் அதில் இருந்தது. இம்ப்ளான்ட் வரும் டப்பாவிலேயே இந்த ஸ்டிக்கர் ஒன்றுக்கு மேல் வருகிறதாம், பேஷன்டுக்கும் ஒன்று கொடுப்பதற்காக. நான் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை. அந்தப் படத்தை வைத்து இங்குள்ள டாக்டர் சரியான திருப்புளியை வரவழைத்தார். பல்லின் மேலே இருந்த அடைப்பை எடுத்து, டார்க் ரெஞ்சைப் போட்டு இறுக்கினார். அளவு வந்ததும் ரெஞ்ச் 'டிக்' என்று மடங்கியது, அந்தச் சத்தம் தாடைக்குள் கேட்டது. பிறகு நீலக் காகிதத்தை வைத்து, உயரமாக இருந்த இடத்தை ராவிவிட்டார். மொத்தம் 20 நிமிஷம் ஆகியிருக்கும்.

போகிறவர்கள் தயவு செய்து அந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். ஸ்கேனையும் ஃபோனில் படம் பிடித்து வராதீர்கள், ஸ்கேன் மெஷின் தரும் அசல் ஃபைலாகவே, அதாவது டைகாம் ஃபைலாகவே கேளுங்கள். கடைசி வேலை முடிந்த பிறகு இரண்டு நாளாவது அந்த ஊரிலேயே இருங்கள், மரப்பு இறங்கி, நன்றாகக் கடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

* * *

நீங்கள் ஸ்டிக்கரைச் சொன்னீர்கள், நான் அம்மா விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு 71 வயது. கீழே ஒரு பல் உடைந்து சீழ் வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். கிளினிக்கில் கொடுத்த படிவத்தை அம்மாவிடம் கேட்டுக் கேட்டு நான்தான் நிரப்பினேன். 'எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து உண்டா' என்ற இடத்தில் அம்மா "நான் மாத்திரையே போடறதில்லையே" என்றார்கள். இல்லை என்று டிக் செய்தேன்.

அங்கிருந்த லேடி டாக்டர் அதோடு விடவில்லை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "ஊசி ஏதாவது போடுறீங்களா? ஆறு மாசத்துக்கு ஒண்ணு?" என்று என்னைக் கேட்கச் சொன்னார். நான் கேட்டதும் அம்மா "ஆமா, அது எலும்புக்கு" என்றார்கள் சாதாரணமாக. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. டெனோசுமாப் என்ற அந்த ஊசி போடுகிறவர்களுக்கும், பிஸ்பாஸ்போனேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பல் எடுத்த குழி ஆறாமல் தாடை எலும்பே செத்துப்போகும் ஆபத்து இருக்கிறதாம். எலும்புத் தேய்மானத்துக்குப் போடுகிறவர்களில் அது அபூர்வம்தான், ஆனால் வந்துவிட்டால் மாசக்கணக்கில் படுத்திவிடும்.

அந்த டாக்டர் பல்லை எடுக்கவே இல்லை. வேர் சிகிச்சை மட்டும் செய்து, வேரை அப்படியே விட்டு மூடிவிட்டார். ஊசியை நாங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார், தள்ளிப் போட்டால் முதுகெலும்பு உடையும் அபாயம் உண்டாம். எந்த முடிவானாலும் ஊசி போடும் டாக்டரைக் கேட்டுத்தான். நினைத்துப் போன வேலை நடக்காமல் திரும்பினோம். அந்த டாக்டரை நினைக்கும்போதெல்லாம் கும்பிடத் தோன்றுகிறது. பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் மருந்துச் சீட்டையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

* * *

விமானத்தில் கவனம். எனக்கு வேர் சிகிச்சையைப் பாதியில் விட்டு, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6000, 8000 அடி உயரத்து மலையில் இருக்கிற மாதிரிதான் இருக்கும். அழுத்தம் குறையக் குறைய, மேலே ஏறும்போது ஆரம்பித்த வலி தரை தொடும்வரை விடவில்லை, சீட்டுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடியே வந்தேன். மேல் தாடையில் சைனஸ் லிஃப்ட் (சைனஸுக்கு அடியில் எலும்பு சேர்ப்பது) செய்தவர்கள், மூக்கைச் சிந்தவே கூடாது என்று சொல்லியிருப்பார்களே, எப்போது பறக்கலாம் என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

* * *

எனக்கு 26 வயது. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து எழுதுகிறேன். என் பல்லில் சொத்தை எதுவும் இல்லை. கொஞ்சம் மஞ்சள், முன்னால் ஒரு பல் லேசாகத் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். வெனீர் என்றுதான் பேசிப் போனேன். முன்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுரண்டி ஓடு மாதிரி ஒட்டுவது. அங்கே போய் 20 பல்லையும் சுற்றிலும் ராவினார்கள். இடைவேளையில் வாய் கொப்பளிக்க எழுந்தபோது கண்ணாடியில் பார்த்தேன். என் பல் எல்லாம் பென்சில் முனை மாதிரிச் சின்னச் சின்னக் குச்சியாக நின்றது. அது வெனீருக்கான வேலை இல்லை, பல்லைச் சுற்றி மூடும் முழு கேப்புக்கானது என்பது எனக்கு அப்போது தெரியாது. பாதி வேலையில் எழுந்து எங்கே போவது?

பிரிட்டனில் இதற்கு 'டர்கி டீத்', அதாவது துருக்கிப் பல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள், அந்த அளவுக்கு நடக்கிறது. துருக்கியில் நல்ல டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நாட்டைக் குறை சொல்லவில்லை. ஒரு வருஷத்தில் இரண்டு பல்லுக்கு உயிர் போய் வேர் சிகிச்சை செய்தாயிற்று, மூன்றாவது கூசுகிறது. ராவிய பல் திரும்ப வளராது. கேப்பும் ஆயுசுக்கும் வராது, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போகிறவர்கள் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "என் பல்லை எத்தனை மில்லிமீட்டர் ராவுவீர்கள்?" பதிலை எழுதி வாங்குங்கள்.

* * *

தம்பி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. மூன்றாவது பல்லைச் சீக்கிரம் காட்டுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

எனக்கு நல்லபடியாக முடிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க எல்லையை ஒட்டி மெக்சிகோவில் லோஸ் அல்கோடோனெஸ் என்று ஒரு சின்ன ஊர். சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள், ஆனால் பல் டாக்டர்கள் மட்டும் நூற்றுக்கணக்கில். காரை அமெரிக்கப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்தே எல்லையைத் தாண்டலாம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஓய்வுபெற்றவர்கள் கூட்டம், திரும்பும் வரிசை நீளமாக இருக்கும். நான் பஞ்சைக் கடித்தபடி பேச முடியாமல் நின்று, அதிகாரியிடம் வாயைக் காட்டினேன். அவர் தலையசைத்து அனுப்பினார், தினமும் பார்க்கிறார் போலிருக்கிறது.

நன்றாக முடிந்ததற்கு டாக்டரின் கைராசி ஒரு காரணம். இன்னொன்று, நான் காரில் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தேன். கடி சரியில்லை என்று மூன்று தடவை போய் நின்றேன், மூன்று தடவையும் சரிசெய்து கொடுத்தார்கள். 10 மணி நேரம் பறந்து போகிறவருக்கு அந்த மூன்று தடவை கிடைக்குமா?

* * *

எழுதிய எல்லோருக்கும் நன்றி. அம்மா கதையைப் படித்ததும் என் மாமியாரின் மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தேன்.

தம்பி, ராவுவதற்கு முன் எடுத்த எக்ஸ்ரே அவர்களிடம் கட்டாயம் இருக்கும். உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டருக்கு அது உதவும், கேட்டு வாங்குங்கள். ஸ்டிக்கர் இல்லாமல் வந்துவிட்டவர்களும் இப்போதே கேளுங்கள், ஸ்க்ரூ தளரும்வரை காத்திருக்க வேண்டாம். நர்ஸிடமிருந்து பதில் வரவழைத்த என் மெயிலைக் கீழே போடுகிறேன், தேதியை மாற்றி அந்த ஊர் மொழியில் அனுப்புங்கள். முன்னால் அனுப்பியதெல்லாம் ஒரு பக்கத்துக்குப் புலம்பல், அவற்றுக்குப் பதிலே வரவில்லை. இதில் அபட்மென்ட் என்று வருவது இம்ப்ளான்ட்டையும் பல்லையும் இணைக்கும் துண்டு.

"வணக்கம். இந்தத் தேதியில் உங்களிடம் கீழ் வலது பக்கம் இரண்டு இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். ஃபைலில் உள்ள ஸ்டிக்கரின் படம், வைத்த அபட்மென்ட்டின் விவரம், இறுக்கிய டார்க் அளவு, ஸ்கேனின் டைகாம் ஃபைல், இந்த நான்கும் வேண்டும். என் பாஸ்போர்ட் நகலை இணைத்திருக்கிறேன். என் டாக்டர் வெள்ளிக்கிழமை எனக்காகக் காத்திருக்கிறார்."