போர்வெல் கேமரா: படம் தெளிவாக இருந்தும் கொக்கி தவறுவது ஏன்?

கேள்வி (வாழப்பாடி):
வணக்கம். போர்வெல்லுக்குள் கழன்று விழும் மோட்டாரை எடுத்துக் கொடுப்பது என் தொழில். கேமராவை இறக்கி, படத்தைப் பார்த்துக்கொண்டே பைப் முனையில் இருக்கும் கொக்கியை மோட்டாரில் மாட்ட வேண்டும். பழைய பெட்டியில் வயர் வழியாகச் சின்ன டிவிக்குப் படம் வரும். மங்கல்தான், ஆனாலும் வேலை ஓடியது. புதுசு செல்போனுக்கு வைஃபையில் அனுப்புகிறது. படம் பளிச்சென்று இருக்கிறது, கொக்கியோ மோட்டாரைத் தாண்டிவிடுகிறது. ஏற்காடு அடிவாரத்தில் ஒரு தோட்டம், 800 அடி ஆழம். அந்த வீட்டுக்கு வேறு தண்ணீர் இல்லை. என்ன செய்யலாம்?

பதில் (சூரமங்கலம், பாலிடெக்னிக் ஆசிரியர்):
அண்ணே, படம் பிந்தி வருகிறது. பெட்டி அதைச் சுருக்கி அனுப்பி, போன் விரித்துக் காட்டுவதற்குள் அரை வினாடி போனாலும் நீங்கள் பார்ப்பது கொக்கி சற்றுமுன் இருந்த இடம். இன்னும் எட்டவில்லை என்று இறக்குவீர்கள், கீழே அது கடந்திருக்கும்.

1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஷெரிடன், ஃபெரல் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். தாமதம் இருந்தால் மனிதர்கள் கொஞ்சம் நகர்த்தி, நின்று பார்த்து, மறுபடி நகர்த்துகிறார்கள். நேரம் கூடும், ஆனால் பிசகாது. 1970இல் நிலவில் இறங்கிய, ஆளில்லாத சோவியத் வண்டியான லுனோகோதைப் பூமியிலிருந்து ஓட்டியவர்களுக்கு சிக்னல் போய்வரவே சுமார் இரண்டரை வினாடி ஆனது.

நீங்களும் விஞ்ச்சை ஒரு சாண் இறக்குங்கள், படத்தில் அசைவு நின்றதும் அடுத்த சாண். செட்டிங்கில் படத் தரத்தையும் குறைத்துப் பாருங்கள். இந்த வேலைக்கு மங்கலான படம் போதும், உடனே வர வேண்டும்.

பதில் (அயோத்தியாபட்டணம்):
தம்பி, கேபிள் முறுக்கினால் படமும் சுழலும், கவனிங்க. படம் கால் சுற்று திரும்பிவிட்டால், பைப் ரெஞ்சை எந்தப் பக்கம் தள்ளுவது என்று பழகின கைக்கே குழப்பம் வரும். கொக்கியின் வாய்ப்பக்கம் மஞ்சள் பெயிண்ட் அடித்து, மேலே பைப்பிலும் அதே பக்கம் கோடு போடுங்க.

அப்புறம் வெளிச்சம். லென்ஸைச் சுற்றியே லைட் எரிந்தால் நிழல் விழாது, ஆழம் தெரியாது. ஒரு பக்கத்து எல்.இ.டி.யை மறைத்துவிட்டால் கொக்கியின் நிழல் மோட்டார் மேல் விழும். நிழலும் கொக்கியும் சேரும் இடத்தில்தான் தொடுகிறது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. பழைய டிவியை இந்தப் பெட்டியோடு வயரில் சேர்க்க முடியுமா?

பதில் (சூரமங்கலம்):
பின்னால் ஏ.வி. அவுட் (டிவிக்குப் படம் அனுப்பும் வயரைச் செருகும் துளை) இருந்தால் முடியும், அண்ணே. பெட்டியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.