அம்மாவோடு துருக்கிக் கடற்கரை: ஒலுடெனிஸா, சிடேயா?

மேகலா_ரெடிங்:
வணக்கம். மே கடைசி வாரப் பள்ளி விடுமுறைக்குத் துருக்கி போகலாம் என்று இருக்கிறோம், 7 இரவுகள். நான், கணவர், 11 வயதுப் பெண், 6 வயதுப் பையன், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, சுத்த சைவம், முட்டைகூட இல்லை. முழங்கால் தேய்மானம் இருப்பதால் படி இறங்குவதும் சரிவில் நடப்பதும் சிரமம், சமதளம் என்றால் மெதுவாக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார். அப்பா போன பிறகு அவர் எங்களோடு வெளிநாடு வருவது இதுதான் முதல் தடவை. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும் என்கிறார்.

ஒலுடெனிஸ் நீலக் காயலின் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு அங்கேதான் மனம் போகிறது. ஒரு ஹோட்டலும் பார்த்து வைத்திருக்கிறேன், 'கடற்கரைக்கு 5 நிமிடம்' என்று போட்டிருக்கிறார்கள். கணவரோ அன்டால்யா பக்கம் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் எடுத்துவிடலாம், அலைச்சல் இல்லை என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எல்லோரிடமும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தான்.

ஹாரோ_பாலா:
பணம் கட்டுவதற்கு முன் அந்த ஹோட்டல் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். ஒலுடெனிஸ் என்று போட்டு விற்கிற ஹோட்டல்களில் பல மேலே ஹிசாரோனு, ஓவாஜிக் பக்கம் மலையில் இருக்கின்றன. நாங்கள் எடுத்ததும் அப்படித்தான் ஆனது, 5 நிமிடம் என்றது வண்டியில் போனால் 5 நிமிடமாம், நடந்தால் 3 கிலோமீட்டர் இறக்கம், திரும்பி வரும்போது அத்தனையும் ஏற்றம். என் மாமியார் இரண்டாம் நாளிலிருந்து அறையை விட்டு இறங்கவே இல்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போனதே கடலுக்காகத்தான், இன்னும் எனக்கு அது மனசில் இருக்கிறது.

இன்னொன்று, படத்தில் மணல் மாதிரி தெரிவது பெரும்பாலும் கூழாங்கல். தண்ணீர் ஓரத்தில் கல் சரிந்து இறங்கும், இரண்டு மூன்று அடி வைத்ததும் ஆழம். சின்னப் பையனுக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் அந்த இடத்தில் கால் நிற்காது. கட்டணம் கட்டி உள்ளே போகிற காயல் பக்கம் தண்ணீர் அமைதி, குழந்தைகளுக்கு அதுதான் சரி. கடலுக்குள் இறங்க ரப்பர் செருப்பு கட்டாயம்.

ஊர் அழகில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. என் யோசனை: ஃபெதியே ஊரை ஒட்டிய சாலிஷ் கடற்கரையில் தங்குங்கள். அங்கேயும் கல்தான், ஆனால் கடலோரமாக நீளமான சமதள நடைபாதை, படியே கிடையாது, வழியெல்லாம் பெஞ்சும் டீக்கடையும். சூரியன் கடலுக்குள் இறங்குவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். ஃபெதியே போகச் சின்னப் படகு உண்டு. ஒலுடெனிஸுக்கு ஒரு நாள் தோல்முஷ் பிடித்துப் போய் வந்துவிடலாம், தோல்முஷ் என்பது நம்மூர் ஷேர் வேன் மாதிரி, கை காட்டினால் நிற்கும். 2021-ல் பாபாதா மலைக்குக் கேபிள் கார் வந்துவிட்டது, பாராகிளைடிங் ஆட்கள் குதிக்கிற உயரத்துக்கு அம்மாவும் உட்கார்ந்தபடியே போகலாம்.

வாசுகி_லீட்ஸ்:
உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 6 வயதுப் பையன் என்றால் நான் சிடேதான் சொல்வேன். உண்மையான மணல், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆழமாகும், அன்டால்யா விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பழைய ஊர் ஒரு நாக்கு மாதிரி கடலுக்குள் நீண்டிருக்கிறது, அதன் நுனியில் அப்போலோ கோயிலின் வெள்ளைத் தூண்கள். மாலையில் அந்தத் தூண்களுக்குப் பின்னால் வெளிச்சம் மாறுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும், என் பெண் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றாள்.

எல்லாம் சேர்ந்த பேக்கேஜில் சாப்பாட்டுக் கவலை இல்லை, பருப்பு, காய்கறி, தயிர், பழம் என்று வரிசையாக இருக்கும். ஆனால் பெரிய ஹோட்டலாக எடுத்தால் அறையிலிருந்து கடற்கரைக்கே கால் மணி நேரம் நடக்க வேண்டி வரலாம். லிஃப்ட் எங்கெங்கே இருக்கிறது, கடற்கரைக்குச் சுரங்கப் படி வழியா என்று எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் ஹோட்டல் வளாகத்துக்குள்ளேயே ஏழு நாளும் போய்விடும், துருக்கியைப் பார்த்த மாதிரி இருக்காது. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

மேகலா_ரெடிங்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பாலா அண்ணா, வரைபடத்தில் பார்த்தேன், நீங்கள் சொன்ன அதே மலைதான்! விட்டுவிட்டேன். சாலிஷில் தங்கினால் வெளியேதான் சாப்பிட வேண்டும், அம்மாவுக்கு என்ன கிடைக்கும்? மே மாதம் கடல் குளிருமா?

ஈஸ்ட்ஹாம்_செல்வி:
சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன், என் அம்மாவும் சைவம், ஃபெதியேவில் பத்து நாள் இருந்தோம். முதலில் கோஸ்லெமே. தெருவோரம் ஓர் அம்மா தாழ்வான பலகைக்கு முன் உட்கார்ந்து, பென்சில் மாதிரி நீளமான மெல்லிய கட்டையால் மாவைத் தேய்ப்பார், வேட்டித்துணி மாதிரி மெலிசாக விரியும், உள்ளே கீரை அல்லது உருளைக்கிழங்கு வைத்து மடித்துக் குமிழ் மாதிரி வளைந்த இரும்புக் கல்லில் போடுவார். அம்மா அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். பாஷை தெரியாமலே இருவரும் மாவு பதம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மெர்ஜிமெக் சூப், பருப்புதான், எலுமிச்சை பிழிந்து மிளகாய்த் தூள் தூவிக் குடித்தால் நம் வாய்க்கு உடனே ஒட்டும். ஆனால் சில கடைகளில் கறி வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள், 'எட் சுயு வார் மு?' என்று கேளுங்கள். சாதமும் அப்படித்தான், கோழித் தண்ணீரில் வடித்திருக்கலாம். 'எட் யெமியோர், யுமுர்தா யெமியோர்' என்றால் இவர் கறி சாப்பிடமாட்டார், முட்டை சாப்பிடமாட்டார் என்று அர்த்தம், ஒரு சீட்டில் துருக்கி மொழியில் எழுதி அம்மா கைப்பையில் வைத்துவிடுங்கள். பொரெக், அதாவது மெல்லிய மாவு அடுக்கி உள்ளே பூரணம் வைத்துச் சுடுவது, அதன் மேலே முட்டை தடவியிருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். அய்ரான் நம் உப்பு மோரேதான், பெருங்காயம் மட்டும் இருக்காது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், 5 லிட்டர் பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மே கடைசியில் கடல் 21 டிகிரி அளவில் இருக்கும். இறங்கும்போது சிலிர்க்கும், பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். ஆகஸ்ட் வெயிலில் அம்மாவைக் கூட்டிப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒன்று விட்டுவிடாதீர்கள்: தல்யான். ஃபெதியேவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். நாணல் காட்டுக்குள் ஆற்றுப் படகில் போகும்போது எதிர்ப் பாறையில் கௌனோஸ் என்ற பழங்கால நகரத்தின் கல்லறைகள் கோயில் முகப்பு மாதிரி செதுக்கியிருப்பது தெரியும். ஆறு போய்ச் சேரும் இடம் இஸ்துஸு, நாலரை கிலோமீட்டர் மணல் திட்டு, பெருந்தலை ஆமைகள் முட்டையிடும் இடம். 1980-களில் அங்கே ஹோட்டல் கட்ட அஸ்திவாரமே போட்டுவிட்டார்கள், கரையில் ஒரு குடிசையில் இருந்த ஜூன் ஹைமோஃப் என்ற ஆங்கிலப் பெண்மணி மற்றவர்களோடு சேர்ந்து போராடி நிறுத்தினார், 1988-ல் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது. அதனால்தான் இன்றைக்கும் கரையில் ஒரு ஹோட்டல் இல்லை. ஆமைக் காலத்தில் இரவு 8 முதல் காலை 8 வரை யாருக்கும் அனுமதி இல்லை. நீங்கள் போகும் மே கடைசியில் முட்டையிடத் தொடங்கியிருக்கும், கூடு இருக்கும் இடங்களில் கம்பிக் கூண்டு வைத்திருப்பார்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஹாரோ_பாலா:
செல்வி சொன்னது அத்தனையும் சரி. கூடவே இவை: பாஸ்போர்ட் நீங்கள் இறங்கும் நாளிலிருந்து 150 நாளாவது செல்ல வேண்டும், ஐந்தையும் இன்றே எடுத்துப் பாருங்கள். பிரிட்டனில் நாம் வாங்கும் சுகாதார அட்டை (GHIC) துருக்கியில் செல்லாது, பயணக் காப்பீடு எடுக்கும்போது அம்மாவின் முழங்கால், மாத்திரை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விட்டால் தேவைப்படும் நேரத்தில் பணம் தரமாட்டார்கள். ஏடிஎம்மில் பவுண்டுக்கு மாற்றட்டுமா என்று கேட்டால் வேண்டாம் சொல்லுங்கள், லிராவிலேயே எடுங்கள். பேக்கேஜ் என்றால் அட்டோல் (ATOL) சான்றிதழ், அதாவது பயண நிறுவனம் மூடிப்போனாலும் கட்டிய பணத்துக்குப் பாதுகாப்பு, வருகிறதா பாருங்கள்.

மேகலா_ரெடிங்:
முடிவு செய்துவிட்டோம். சாலிஷில் ஐந்து இரவு, கடைசி இரண்டு இரவு தல்யான், அங்கிருந்து தலமான் விமான நிலையமும் பக்கம்தான். ஆமைக் கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், 'நான் அந்தக் கரையில் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும்' என்றார். அவராகக் கேட்டது அது ஒன்றுதான். செல்வி, அந்தப் படகில் ஏறப் படி உண்டா?

ஈஸ்ட்ஹாம்_செல்வி:
ஆற்றங்கரையிலிருந்து படகுக்குள் ஓர் அடி இறங்க வேண்டும், படகுக்காரர் கை கொடுப்பார், என் அம்மாவை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். அன்றைக்கு முழங்கால் சரியில்லை என்றால் தல்யானிலிருந்து கரையின் மறுமுனைக்குத் தோல்முஷ் போகிறது, வழி 12 கிலோமீட்டர் அளவு. காலையில் முதல் வண்டியில் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அந்த நேரத்தில் கரையில் ஆளே இருக்காது.