புதுப்பிப்பு: டீசல் பொய்லர் அணைந்துகொண்டே இருந்ததன் காரணம் கிடைத்தது

போன மாதம் எழுதியிருந்தேன்: நுவரெலியாவில் எங்கள் வீட்டைச் சூடாக்கும் டீசல் பொய்லர் பற்றும், சில நிமிடங்களில் அணையும், சிவப்பு ரீசெட் பட்டன் வெளியே வந்துவிடும். டீசலைத் தூவும் நொஸில், அதை வடிகட்டும் பில்டர் இரண்டையும் மாற்றி, சுடரைப் பார்க்கும் கண்ணையும் துடைத்தும் பலனில்லை.

இப்போது சரியாகிவிட்டது. காரணம் டீசல் குழாய்க்குள் புகுந்த காற்று, அது வந்தால் சுடர் அணைந்துவிடும். எங்கள் டீசல் தாங்கி, டீசலை எரிக்கும் பர்னரைவிடத் தாழ்வில் இருக்கிறது, பம்ப்தான் உறிஞ்சி மேலே இழுக்க வேண்டும். அந்தக் குழாயில் மூட்டுத் தளர்ந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கசிவைத் தேடித் தேடியும் எங்கள் கண்ணில் படாதது அதனால்தான். ஹற்றனிலிருந்து பொய்லர் திருத்த வந்த பாஸ், பம்புக்கு முன்னால் ஒரு துண்டு ஒளி ஊடுருவும் குழாயை மாட்டினார். உள்ளே குமிழி குமிழியாக ஓடியது! பில்டருக்குப் பக்கத்தில் செப்புக் குழாயின் வாயை வெட்டி, புதிதாக விரித்து இறுக்கினார். அப்புறம் பம்பின் காற்றுத் திருகைத் திறந்து, நுரை நிற்கும்வரை டீசலை ஒரு போத்தலில் பிடித்தார்.

1,800 மீற்றருக்கு மேல் காற்று மெலிது என்பதால் பர்னரின் காற்றுக் கதவையும் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டார். புகைக்கூண்டில் கரி குறைந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். அம்மா குளிரில் நடுங்குகிறாரே என்று நான் ரீசெட்டை நாலைந்து தடவை அழுத்தினேன். அப்படிச் செய்யாதீர்கள். எரியாத டீசல் பொய்லரின் எரியறைக்குள் தேங்கி, பிறகு ஒரேயடியாகப் பற்றும். ஒரு தடவை அழுத்திப் பார்த்து, சுடர் நிலைக்காவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள்.

பத்து நாளாகப் பட்டன் வெளியே வரவில்லை. விடியற்காலையிலும் அம்மாவின் அறை சூடாக இருக்கிறது.