முதன்முறையாகத் தாடி வளர்க்கிறேன்: அரிப்பும் மருந்தடிப்பு முகக்கவசமும் குறித்து வழிகாட்டுங்கள்

கேள்வி: சிப்புட் செம்பனையான்

அனைவருக்கும் வணக்கம். பேராக், சுங்கை சிப்புட்டை அடுத்த செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமொன்றில் மண்டோராக, அதாவது ஆட்களை மேற்பார்ப்பவனாக, வேலை பார்க்கிறேன், வயது 23. மீசை அரும்பிய காலந்தொட்டு மூன்று நாளுக்கொரு முறை மழித்தே பழகிய நான், இப்போது 24 நாள்களாகச் சவரக்கத்தியைத் தொடவில்லை. வேண்டுதலோ விரதமோ இதற்குக் காரணமில்லை. எங்கள் லயத்து வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படமொன்று மாட்டியிருக்கிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் எடுத்த அந்தப் படத்தில் அவருக்கு அளவாக ஒதுக்கிய தாடி இருக்கும். என் தாடையும் அவருடையதைப் போலவே இருப்பதாக அத்தை ஒருமுறை சொன்னார்; அன்றிலிருந்து இந்த ஆசை மனத்தில் தங்கிவிட்டது.

இரண்டாம் வாரம் முதல் தாடைக்குக் கீழே பொறுக்க முடியாத அரிப்பு. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கும்போதே தொடங்கி, வெயில் ஏறி வியர்வை இறங்கியதும் கையை முகத்திலிருந்து எடுக்க முடிவதில்லை. இடக் கன்னத்தில் இருபது சென் நாணய அளவுக்கு முடியே இல்லாத ஓர் இடமும் இருக்கிறது. அடிக்கடி மழித்தால் அடர்த்தியாக வரும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக் கலங்கிப்போய்ப் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் தாடி வளர்க்கும் எண்ணெய் என்று விற்ற ஒரு புட்டியை 35 ரிங்கிட் கொடுத்து வாங்கிப் பூசினேன். மூன்றாம் நாளே கன்னம் சிவந்து, சிறு சிறு கொப்புளங்கள் எழும்பிவிட்டன. பூசுவதை நிறுத்தி ஐந்து நாளாகிறது. சிவப்பு இன்னும் முழுவதும் அடங்கவில்லை.

இவற்றைவிடப் பெரிய கவலைகள் இரண்டு. வாரத்தில் மூன்று நாள் களைக்கொல்லி அடிக்கும் ஆட்களோடு நிற்கிறேன். மூக்கையும் வாயையும் மூடி, இரு பக்கமும் வடிகட்டி பொருத்திய ரப்பர் முகக்கவசம் அணிய வேண்டும். தாடி வந்த பிறகு மருந்து வாடை உள்ளே வருவதுபோல் ஓர் ஐயம். மற்றொன்று அம்மா. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பா தவறியபோது, பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அண்ணன் மழிக்காமல் இருந்தார். என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவுக்கு அந்த நாள்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் சோறு போடும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: குலை லோரிக்காரன்

தம்பி, நான் தோட்டங்களிலிருந்து ஆலைக்குக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். ஒன்பது ஆண்டுகளாகத் தாடியோடு இருப்பவன். அரிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் தாடியைக் கைவிடுவது அந்த இடத்தில்தான். இயல்பாக வளர்ந்த முடியின் நுனி மெலிந்து கூர்ந்து மென்மையாக இருக்கும். கத்தி பட்ட முடியோ குறுக்கே வெட்டிய மூங்கிலைப் போல விளிம்போடு நிற்கும். அந்த விளிம்பு வளைந்து பக்கத்துத் தோலை உராய்வதால்தான் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் அரிப்பு கடுமையாக இருக்கிறது. முகமுடி ஒரு மாதத்தில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். அந்த நீளத்தை எட்டியதும் முடி வளைந்து கொடுத்துத் தோலோடு படியத் தொடங்கும்; அரிப்பும் தானாகக் குறையும். நீங்கள் அந்தக் கரையை நெருங்கிவிட்டீர்கள். இன்னும் பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி மழித்தால் அடர்த்தியாகும் என்பதை நம்ப வேண்டாம். நானும் பதினெட்டு வயதில் அதை நம்பிக் காலை மாலை இருவேளையும் மழித்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டவன். முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது; மேலே ஓடும் கத்திக்கு அதனோடு தொடர்பே இல்லை. மில்டிரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் மழித்த முடியை அளந்து பார்த்து, மழிப்பதால் முடி தடிப்பதும் இல்லை, விரைந்து வளர்வதும் இல்லை என்று 1928-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். கன்னத்து வெற்றிடத்துக்கும் மனம் தளர வேண்டாம். மேலுதடும் முகவாயும் முதலில் நிரம்பும், கன்னம் கடைசியாக நிரம்பும். எனக்கு வலக் கன்னம் ஒழுங்காக மூடியது 28 வயதில்தான். அதுவரை சுற்றியுள்ள முடியைச் சற்று நீளவிட்டு, அந்த இடத்தின்மேல் சீவிவிட்டுக்கொண்டேன்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் தாடிக்காரன் மறக்கக்கூடாத வேலை ஒன்று உண்டு. வேலை முடிந்து வந்ததும் முகத்தை மென்மையான கழுவியால் கழுவி, விரல் நுனிகளை முடிக்கு அடியில் விட்டுத் தோலைத் தேய்த்து, பிறகு துண்டால் ஒற்றி, வேர் வரைக்கும் ஈரம் போக உலர்த்த வேண்டும். குளியல் சவுக்காரம் தோலை வறளச் செய்து அரிப்பைக் கூட்டும். மாலையில் லோரியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால், காய்ந்த வியர்வை உப்பு என் தாடி நுனிகளில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். மட்டையிலிருந்து உதிரும் பழுப்புத் தூசு வேர்களில் ஒட்டியிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தால் மறுநாள் அரிப்பதற்குத் தாடியைக் குறை சொல்லக்கூடாது.

மறுமொழி 2: முப்பது ஆண்டுச் சவரக்கடை

வணக்கம் தம்பி. நான் முடிதிருத்தும் தொழிலில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன். முதன்முறை தாடி வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, மூன்றாம் வாரத்திலேயே வீட்டுக் கண்ணாடி முன் நின்று தாங்களே கோடு எடுப்பது. இடப்பக்கம் சற்று ஏறிவிட்டது என்று வலப்பக்கத்தை ஏற்றுவார்கள். பிறகு வலப்பக்கத்துக்கு ஈடாக இடப்பக்கத்தை ஏற்றுவார்கள். கடைசியில் தாடை எலும்பின்மேல் ஒரு கயிறு ஒட்டியதுபோல் நிற்கும். அப்படி வந்தவர்களுக்கு முழுவதும் மழித்துவிட்டு மீண்டும் தொடங்கச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருந்ததில்லை.

கழுத்துக்கோடு எங்கே வர வேண்டும் என்பதற்கு ஓர் எளிய அளவு உண்டு. குரல்வளை மேட்டின்மேல் இரண்டு விரல்களைப் படுக்கவாட்டில் வையுங்கள். மேல்விரலின் மேல்விளிம்பு நிற்கும் இடமே கோட்டின் அடிப்பகுதி. அங்கிருந்து இரு காதுகளின் பின்புறம் நோக்கி மெல்ல வளைந்து ஏற வேண்டும். அதற்குக் கீழே உள்ளதை மழிக்கலாம். உங்கள் அரிப்பில் பாதி அந்தக் கழுத்து முடியால்தான் என்று நினைக்கிறேன். கன்னக்கோட்டை இயற்கையாக வந்தபடி விட்டு, தனித்து நிற்கும் ஓரிரு முடிகளை மட்டும் நீக்குங்கள். ஒதுக்கும்போது முடி உலர்ந்திருக்கட்டும். ஈரத்தில் நீளமாகத் தோன்றி, காய்ந்ததும் குட்டையாகிவிடும். மெஷினில் மூன்றாம் எண் சீப்பைப் பொருத்தித் தொடங்குங்கள். இரண்டாம் எண் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான் விட்டுவைக்கும். முதல் தடவையே அதில் இறங்கினால் கன்னத்து வெற்றிடம் பளிச்சென்று தெரியும்.

எந்தக் கடைக்குப் போனாலும், உங்கள் கண்முன்னே புதிய பிளேடைப் பிரித்து மாட்டச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஒருவர் முகத்துப் பூஞ்சையும் சீழ்க்கொப்புளமும் இன்னொருவருக்குத் தொற்றுவது பழைய பிளேடாலும் கழுவாத துண்டாலும்தான். மழித்த கழுத்தில் ஈரப் படிகாரக் கல்லை ஒருமுறை மெதுவாக ஓட்டி, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவிவிட்டால் கத்தி பட்ட எரிச்சல் அடங்கும். என் தந்தை பயன்படுத்திய கல் தேய்ந்து ஒரு சிப்பியளவுக்கு வந்துவிட்டது. இன்றும் என் மேசையில் இருக்கிறது. ஆனால் கொப்புளம் எழுந்திருக்கும் கன்னத்தில் கல்லையும் வைக்காதீர்கள், கத்தியையும் வைக்காதீர்கள். அது ஆறும்வரை நானாக இருந்தால் தொடமாட்டேன்.

மறுமொழி 3: பழைய டிரெசர்

தோட்ட மருத்துவமனைகளில் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வுபெற்றவன் நான். மேலே இருவரும் சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் முகக்கவசத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. தம்பி எழுதியதில் உடனே கவனிக்க வேண்டியது அதுதான்.

நீங்கள் அணியும் ரப்பர்க் கவசம் மூக்குத் தண்டிலிருந்து கன்னங்கள் வழியாக முகவாய்க்கு அடிவரை தோலோடு ஒட்டியிருந்தால்தான் வேலை செய்யும். அந்த விளிம்புக்கும் தோலுக்கும் இடையே இரண்டு மூன்று நாள் முடி இருந்தாலே போதும், காற்று வடிகட்டிக்குள் போகாமல் எளிதான வழியாகிய அந்த இடுக்கில் நுழைந்துவிடும். தாடி அடர்ந்திருந்தால் அதுவே வடிகட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு நன்மையும் இல்லை. உங்களுக்கு வந்தது ஐயம் அன்று, உண்மையாகவே மருந்து உள்ளே வருகிறது என்றே கொள்ளுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது என்பதால் இப்போது அடிப்பதெல்லாம் தீங்கற்றது என்ற பேச்சைப் பல தோட்டங்களில் கேட்டிருக்கிறேன். புகையாய் வரும் எந்தக் களைக்கொல்லியும் நுரையீரலுக்குள் போக வேண்டிய பொருள் அன்று. மேலும் நீங்கள் மண்டோர். உங்கள் முகத்தில் கவசம் சரியாகப் பொருந்தாமல் இருப்பதைப் பார்க்கும் ஆட்கள், தங்கள் கவசத்தைக் கழுத்தில் தொங்கவிடுவதற்கு அதையே காரணமாக்குவார்கள்.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். கவசத்தை அணிந்து பட்டைகளை இறுக்கி, இரு வடிகட்டிகளையும் உள்ளங்கைகளால் மூடிக்கொண்டு மெதுவாக மூச்சை உள்ளிழுத்து, பத்து விநாடி அப்படியே பிடியுங்கள். கவசம் சற்று ஒடுங்கி முகத்தோடு ஒட்டி நின்றால் பொருத்தம் சரி. எங்கேனும் காற்று கசிவது தெரிந்தால் அந்த முகத்தோடு மருந்தடிக்கும் இடத்துக்குப் போகக்கூடாது. விளிம்புக்கு உள்ளே அடங்கும் மீசைக்கும், கீழுதட்டுக்குக் கீழே விடும் சிறு முடிக்கும் தடையில்லை. முழுத்தாடிதான் வேண்டுமென்றால், மருந்தடிப்பிலிருந்து அறுவடைப் பக்கம் மாற்றித் தரும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். தலையை முழுவதும் மூடி, மின்விசிறியால் வடிகட்டிய காற்றை ஊதும் கவசத்துக்குத் தாடி இடைஞ்சல் இல்லை. ஆனால் தோட்டங்களில் அதை வாங்கித் தருவார்களா என்பது அவரவர் நிர்வாகத்தைப் பொறுத்தது.

எண்ணெய்ப் புட்டியைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் வில்லையைப் படியுங்கள். இந்நாட்டில் முறையாகப் பதிவான மருந்துகளில் 'மால்' (MAL) என்ற எழுத்துகளோடு தொடங்கும் பதிவெண் இருக்கும். மருந்துபோல் வேலை செய்வதாகச் சொல்லி விற்கும் புட்டியில் அது இல்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான் கட்டணம். புட்டியையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். சிவப்பு ஆறிய பிறகும் தாடிக்கடியில் எண்ணெய்ப் பிசுக்கான செதில்கள் உதிர்ந்தால் அது பொடுகு வகைதான். தோலின் எண்ணெயைத் தின்று வாழும் ஒரு பூஞ்சையால் வருவது அது. கெட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கலந்த தலைகழுவியை வாரம் இருமுறை தாடியில் நுரைக்கத் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் அடங்கும். அதன்மேல் எந்த எண்ணெயும் பூச வேண்டாம், தேங்காயெண்ணெய் உட்பட.

மறுமொழி 4: லூனாஸ் அக்கா

தம்பி, தாடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் கணவர் தவறியபின் என் மகனும் இப்படித்தான் வளர்த்தான், அதனால் உங்கள் அம்மாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒதுக்காத, கலைந்த தாடிதான் என்னை வருத்தியது. அது துக்க வீட்டு முகம். ஒருநாள் அவன் கடைக்குப் போய்த் திருத்திக்கொண்டு, தலைக்குக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றபோது அதே தாடி எனக்கு வேறாகத் தெரிந்தது. நம்மவர்கள் தைப்பூசத்துக்கு வேண்டிக்கொண்டு வளர்க்கிறார்கள், ஐயப்பனுக்கு மாலை போட்டு வளர்க்கிறார்கள். அதையெல்லாம் எந்தத் தாயும் துக்கமாக நினைப்பதில்லை. தாத்தாவின் படத்தைப் பற்றி உங்கள் அம்மாவிடம் சொன்னீர்களா? எங்களிடம் எழுதியதை அவரிடம் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது.

மீண்டும்: சிப்புட் செம்பனையான்

மறுமொழி தந்த அனைவருக்கும் நன்றி. டிரெசர் ஐயா சொன்ன சோதனையை அன்று மாலையே செய்தேன். வடிகட்டிகளை மூடிக்கொண்டு மூச்சிழுத்ததும், இடத்தாடையோரம் ஊசி நுழைவதுபோல் குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. எத்தனை நாள் அப்படியே நின்றிருக்கிறேன் என்று நினைத்தபோது மனம் கலங்கியது. மறுநாள் மருந்தடிக்கும் இடத்துக்குப் போகாமல் துணை நிர்வாகியிடம் விவரத்தைச் சொன்னேன். இந்தச் சுற்று மருந்தடிப்பு முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, அதன்பிறகு அறுவடைக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மருந்தகத்தில் கொடுத்த களிம்பில் நான்கு நாளில் கன்னம் ஆறியது. பிறகு பட்டணத்துக் கடைக்குப் போய், மீசையையும் கீழுதட்டுக்குக் கீழே சிறிதளவையும் மட்டும் விட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன். பிளேடை என் கண்முன்னே பிரிக்கச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் பிரித்தார். வீட்டுக்கு வந்து கவசத்தை அணிந்து மீண்டும் மூச்சிழுத்தேன். ரப்பர் உள்ளே ஒடுங்கி, பத்து எண்ணும்வரை முகத்தை விடவில்லை.

அக்கா, அன்றிரவு அம்மாவிடம் தாத்தாவின் படத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மா நாற்காலியைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்தபடி, அந்தத் தாடியைத் தாத்தாவே சிறு கத்தரிக்கோலால் வாசற்படியில் உட்கார்ந்து ஒதுக்குவார் என்றும், பாட்டி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்றும் சொன்னார். ஆறு வாரம் கழித்து மீண்டும் வளர்க்கத் தொடங்கும்போது, கழுத்துக்கோட்டைப் பற்றி இங்கே எழுதிய சவரக்கடை அண்ணனிடம் இன்னொரு முறை கேட்பேன்.